நகரம் வேகமாக வளர்ந்தால் வேலையின்மை கூடுமா, குறையுமா?

நேரடியான பதில் இதுதான்: வளரும் நாடுகளின் நகரங்களில் வேலையின்மை விகிதம் பெரிதாக ஏறாமலேயே வேலையின் நிலைமை கெட்டுப்போகும். பிழைப்புக்காக ஆட்கள் வந்து குவியும்போது, சும்மா இருப்பவர்களைவிட அரைநாள் வேலையிலும் அரைக்கூலியிலும் நெருக்கியடித்து நிற்பவர்களே வேகமாகப் பெருகுகிறார்கள். அன்றாடம் சம்பாதித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது. எதையாவது விற்பார், யாருக்காவது சுமை தூக்குவார். வேலைக்காகக் காத்திருக்க முடிகிறவர் பெரும்பாலும் படித்த இளைஞர். வீட்டில் இன்னொருவருடைய சம்பளம் அவரைத் தாங்குகிறது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே எண்ணில் அடைத்துப் பேசுவதால்தான், ‘நகரமயம் வேலை தரும்’ என்பவர்களும் ‘நகரமயம் வேலையைப் பறிக்கும்’ என்பவர்களும் ஒரே புள்ளிவிவரத்தைக் காட்டி வாதாட முடிகிறது.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் 2017-18 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ‘வழக்கமான நிலை’ என்ற கணக்கில், ஒருவர் வருடத்தின் பெரும்பகுதி வேலையில்லாமல் இருந்தாலும், 30 நாளோ அதற்கு மேலோ ஏதாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். ‘வாராந்திர நிலை’ என்ற கணக்கில், கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் தம்பியும் இரண்டு கணக்கிலும் வேலையில் இருப்பவர்தான். இந்த வரையறைகள் தவறு என்று சொல்ல மாட்டேன், அந்த ஒரு மணி நேர அளவுகோலைப் பல நாடுகளும் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை எதை அளக்கவில்லை என்பதை மனதில் வைத்தே வாசிக்க வேண்டும். வழக்கமான நிலைக் கணக்கில் 2023-24-இல் இந்தியக் கிராமப்புற வேலையின்மை 2.5 சதவீதம், நகர்ப்புறத்தில் 5.1 சதவீதம். நகர்ப்புறத்தில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 14.7 சதவீதம். நகரத்தில் வேலையின்மை என்பது பெரும்பகுதி இளையோர் பிரச்சினை என்பதை இந்த ஒரு தாவலே காட்டிவிடும்.

கொத்து வேலைக்குப் போகிறவரை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாள் கூலி 700 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 15,400. காலையில் அதே முக்கில் வந்து நிற்கும் ஆட்கள் கூடிவிட்டதால் வேலை 14 நாளாகக் குறைகிறது. வருமானம் 9,800. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஆனால் இரண்டு மாதத்திலும் அவர் ‘வேலையில் இருப்பவர்’. வேலையின்மை விகிதம் ஒரு புள்ளிகூட அசையவில்லை. ஆகவே உங்கள் ஊரின் நிலைமையை அறிய வேண்டுமானால் வேலையின்மை விகிதத்தோடு இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கிறது, மாதச் சம்பளக்காரர்களின் பங்கு கூடுகிறதா குறைகிறதா, பெண்களில் எத்தனை பேர் வேலைச் சந்தையிலேயே இருக்கிறார்கள் என்பவையே அந்த மூன்றும். கடைசிக் கேள்வி முக்கியமானது. வேலை தேடுவதையே விட்டுவிட்ட பெண் வேலையில்லாதவர் பட்டியலிலும் வரமாட்டார்.

அடுத்தது, நகரத்தில் வேலைகள் கூடக்கூட வேலையில்லாதவர்களும் ஏன் கூடுகிறார்கள் என்ற புதிர். இதற்கு மிகத் தெளிவான விளக்கம் கென்யாவிலிருந்து வந்தது. 1964-இல் அங்கே அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாடு செய்தார்கள். தனியார் நிறுவனங்கள் 10 சதவீதமும் அரசு 15 சதவீதமும் கூடுதல் ஆட்களை எடுக்கும், அதற்கு ஈடாகச் சங்கங்கள் சம்பள உயர்வு கேட்பதை நிறுத்திவைக்கும். ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி கேட்டு நைரோபிக்கு வந்தவர்கள் அதைவிட அதிகம். பொருளாதார அறிஞர்கள் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வகை அனுபவத்துக்குக் கணித வடிவம் கொடுத்தது.

அதை எளிய எண்களில் சொல்கிறேன். கிராமத்தில் மாத வருமானம் 8,000 ரூபாய். நகரத்தில் நல்ல வேலைக்குச் சம்பளம் 16,000. வருகிறவர் 16,000-ஐ மட்டும் பார்ப்பதில்லை, அது கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்குகிறார். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் 16,000-இல் பாதி 8,000, கிராம வருமானத்துக்குச் சமம். அந்தப் புள்ளியில்தான் வருகை நிற்கும். அப்படியானால் நகரத்தில் 1 லட்சம் நல்ல வேலைகள் இருந்தால் அவற்றைச் சுற்றி 2 லட்சம் பேர் இருப்பார்கள். இப்போது அரசு இன்னும் 10,000 வேலைகளை உருவாக்குகிறது. வாய்ப்பு ஏறுகிறது, ஆட்கள் வருகிறார்கள், மீண்டும் பாதிக்குப் பாதி ஆகும்வரை வருகிறார்கள். மொத்தம் 2,20,000 பேர். வேலை கிடைத்தவர்கள் 10,000 கூடினார்கள், கிடைக்காதவர்களும் 10,000 கூடினார்கள். மாறாக, நகரத்தில் ஒரு வேலைகூடச் சேர்க்காமல் கிராம வருமானத்தை 10,000 ஆக்கினால்? நகரத்துக்கு வருவதற்குக் குறைந்தது 62.5 சதவீத வாய்ப்பு தேவைப்படும். அதே 1 லட்சம் வேலையைச் சுற்றி 1,60,000 பேர்தான் நிற்பார்கள். கிடைக்காதவர்கள் 1 லட்சத்திலிருந்து 60,000 ஆகிவிட்டார்கள். நகர வேலையின்மைக்கு மருந்தின் ஒரு பகுதி கிராமத்தில் இருக்கிறது என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இது நகரத்தை நல்ல வேலை, வேலையின்மை என்று இரண்டாகப் பிரிக்கிறது. நிஜத்தில் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. கானாவின் அக்ரா நகரில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீத் ஹார்ட், 1970-களின் தொடக்கத்தில் இதை எடுத்துக்காட்டினார். பதிவேட்டில் வேலையில்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் உண்மையில் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். கென்யாவுக்கு 1972-இல் போன சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழுவும் அதையே சொன்னது. அமைப்புசாராத் துறை என்று நாம் இன்று அழைப்பது அதுதான். நகரத்துக்கு வந்த கூட்டத்தை உறிஞ்சிக்கொள்வது அந்தத் துறை. ஆனால் அதற்கு எல்லை உண்டு. ஒரே தெருவில் மூன்றாவது இட்லிக்கடை வந்தால் தெருவில் விற்கும் இட்லி மூன்று மடங்காவதில்லை. செயலி வழி உணவு கொண்டுசேர்க்கும் வேலையும் இப்படித்தான். ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் மற்றவர்களின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுகிறார். நிறுவனத்துக்கு இதனால் செலவில்லை, ஆகவே சேர்ப்பதை நிறுத்த அதற்குக் காரணமும் இல்லை.

இனி சென்னைக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 48.4 சதவீதம், இந்தியச் சராசரி 31 சதவீதம்தான். அதே ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்தது. பெரிய ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் வந்தன: ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர். இந்த விளிம்பில்தான் வளர்ச்சியும் வேலையிழப்பும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன.

விளிம்பு கிராமத்தில் வேலை போவது ஆலை வரும் நாளில் அல்ல, அதற்குப் பல வருடம் முன்பே. சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் நிலம் கைமாறுகிறது. வாங்கியவர் கல் நட்டு மனை போட்டு வைப்பார், அல்லது விலை ஏறட்டும் என்று தரிசாகப் போடுவார். நடவும் களையெடுப்பும் அறுப்பும் அன்றோடு நின்றன. நிலம் விற்றவருக்குப் பணமாவது வந்தது, அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு ஒன்றும் வரவில்லை. இழப்பீடு எப்போதும் நில உடைமையோடுதான் போகிறது, உழைப்போடு போவதில்லை. பிறகு ஆலை வரும்போது அசெம்பிளி லைனுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் 18 முதல் இருபதுகளின் நடுப்பகுதி வரை வயதுள்ள, பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களை. நாற்பது வயதான விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அங்கே மிஞ்சுவது ஒப்பந்தக்காரர் மூலம் வரும் துப்புரவு வேலை, கேன்டீன் வேலை. ஆணுக்கு வாயில்காப்பு. மாவட்ட அளவில் வேலைகளின் எண்ணிக்கை ஏறியிருக்கும், அந்த ஊரில் பாதி வீடுகளின் வருமானம் இறங்கியிருக்கும். இரண்டும் பொய்யில்லை.

கட்டுமானத் துறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். நகரம் வளர்ந்தால் கட்டடம் பெருகும், கட்டடம் பெருகினால் சித்தாளுக்கு வேலை பெருகும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஒரு காலத்தில் அது சரி. மணல் சலிப்பது, கலவை போடுவது, பாண்டில் சுமந்து மாடிக்கு ஏற்றுவது எல்லாம் பெண்கள் செய்த வேலை. இன்று பெரிய தளங்களுக்கு ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, பம்ப் கலவையை நேராக மேலே தள்ளுகிறது. எம்-சாண்ட் என்ற, கல்லை உடைத்துச் செய்யும் மணல் வந்தபின் ஆற்று மணலைச் சலித்த வேலையும் சுருங்கிவிட்டது. ஒரு சதுர அடிக்குத் தேவைப்படும் சித்தாள் குறைந்துகொண்டே வருகிறார். மீதியுள்ள வேலைக்கும் ஒப்பந்தக்காரர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ குழுவாக ஆட்களை முன்பணம் கொடுத்து அழைத்துவந்து, தளத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கவைக்கிறார். கூலி குறைவு என்பது மட்டுமே அதற்குக் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்குக் கான்கிரீட் லாரி வந்தாலும் ஆள் தயாராக இருக்கும், திருவிழாவுக்கு விடுப்புக் கேட்க மாட்டார், தகராறு வந்தால் துணைக்கு வர உள்ளூரில் யாருமில்லை. வெளிமாநிலத் தொழிலாளி உள்ளூர்க்காரரின் வேலையைப் பறித்தார் என்று பேசுவது இதனால்தான் அநியாயம். சட்டப் பாதுகாப்பு குறைந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி முதலாளிக்கு இருக்கிறது என்பதே அங்குள்ள கோளாறு. இருவருக்கும் ஒரே கூலி, ஒரே வேலைநேரம், ஒரே நலவாரியப் பதிவு என்று கறாராக நடைமுறைப்படுத்தினால் அந்தத் தேர்வின் லாபம் குறையும்.

இப்போது தூரம். வேலையின்மையைப் பேசும்போது திறன் பயிற்சியைப் பேசும் அளவுக்கு யாரும் பேருந்தைப் பேசுவதில்லை. இதுதான் பெரிய குறை என்பது என் திடமான கருத்து. நகரம் வளரும்போது நடுவில் நிலவிலை ஏறுகிறது, ஏழைகள் வெளியே தள்ளப்படுகிறார்கள். சென்னையில் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் நடுப்பகுதியிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆண்கள் பலர் எப்படியோ பழைய வேலைக்குப் போய்வந்தார்கள். வீட்டு வேலை செய்த பெண்களுக்கு அது முடியவில்லை. காரணம் எளிது. வீட்டு வேலை என்பது ஒரு வேலை அல்ல, காலையில் இரண்டு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் மறுபடி ஒன்று என்று துண்டு துண்டாக உள்ள வேலை. நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தால் நான்கு வீடு பார்க்கலாம், நடுவே வந்து பிள்ளைக்குச் சோறு போடலாம். ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம் என்றால் ஒரு வீடும் கட்டுப்படியாகாது. கான்கிரீட் வீடு கிடைத்தது, அதன் விலையாக ஒரு சம்பாத்தியம் போனது.

அகமதாபாத்தில் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் இப்படியே தெரிந்தது. நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிய வீடு. வென்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் குடிபோகவே இல்லை, இன்னொரு மூன்றில் ஒரு பங்கினர் போய்விட்டுப் பின்னர் வெளியேறினார்கள். உறவும் அக்கம்பக்கமும் அறுந்ததால் நெருக்கடியில் கைகொடுக்க ஆளில்லை, வருமானமும் உயரவில்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் எதிர்த்திசையில் ஒரு சோதனை நடந்தது. நகர விளிம்பில் இருந்த இளைஞர்களுக்கு, மையத்துக்கு வந்து வேலை அறிவிப்புப் பலகைகளைப் பார்க்கப் பேருந்துக் காசு மட்டும் கொடுத்தார்கள். தேடல் கூடியது, நிலையான வேலை கிடைத்தவர்களும் கூடினார்கள். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததை நான் வேலைவாய்ப்புத் திட்டமாகவே பார்க்கிறேன். பேருந்தின் எண்ணிக்கையும் நேரமும் கூடவே பெருகினால்தான் அது முழுப்பலன் தரும். காலை ஐந்தரைக்கு முதல் வண்டி இல்லாத இடத்தில் இலவசப் பயணச்சீட்டு வேலை வாங்கித் தராது.

தூரத்தோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் வாடகை முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அம்பத்தூரில் வேலை போனவருக்கு ஒரகடத்தில் வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திரும்ப வாங்கி, புது இடத்தில் புரட்டிக் கட்டி, பள்ளி மாற்றி, அதன்பிறகே அந்த வேலை அவருக்கு வேலை. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொன்னாலும், ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்று ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழியாகவே எல்லோரும் நுழைகிறார்கள்.

ஒரே தொழிலை நம்பி வளரும் ஊர்களின் கதை வேறு. திருப்பூரும் அதை ஒட்டிய நகரப் பகுதிகளும் சேர்ந்த மக்கள்தொகை 2001-இல் சுமார் 5.5 லட்சம், 2011-இல் 9.6 லட்சம். வந்தவர்களுக்குப் பனியன் கம்பெனிகளில் வேலை இருந்தது. தொழில் முன்னே போக நகரம் பின்னே வளர்ந்தால் வேலையின்மை பெருகாது என்பதற்குத் திருப்பூரைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அடி விழும்போது எல்லோர் மேலும் ஒரே நாளில் விழுகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் நின்றால் கட்டிங் நிற்கும், தையல் நிற்கும், செக்கிங் நிற்கும், பேக்கிங் நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் அதே சங்கிலிதான் இழுபட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அதை ஒட்டிய மாதங்களில் ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வெளியே வந்தார்கள். இப்படி வெளியே வரும் பெண் ஊருக்குத் திரும்பித் திருமணமாகி வேலை தேடாமல் இருந்துவிட்டால், அந்த வேலையிழப்பு மாநிலத்தின் வேலையின்மைக் கணக்கில் தடமே பதிக்காது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், மாநகராட்சிகள் செலவே இல்லாமல் செய்யக்கூடியது முதலில்: பிழைப்பைக் கலைக்காமல் இருப்பது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது. அந்தப் பகுதி மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது. வெளியேற்றவோ இடம் மாற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சறுக்குவது எங்கே என்றால், கணக்கெடுப்பு பகலில் நடக்கிறது, மாலைக் கடைக்காரர்கள் விடுபடுகிறார்கள். மாற்று இடம் ஆள் நடமாட்டமில்லாத சந்தாகக் கிடைக்கிறது. வியாபாரத்துக்குக் கால் நடமாட்டமே முதல், கூரை அல்ல.

நகர்ப்புற வேலை உறுதித் திட்டங்களைக் கேரளா 2010-இலேயே அய்யன்காளி பெயரில் தொடங்கியது. ராஜஸ்தான் 2022-இல் தொடங்கியது. தமிழ்நாடும் 100 கோடி ரூபாயில் ஒரு முன்னோடித் திட்டம் அறிவித்தது. இவை தேவை. ஆனால் கிராமத்து நூறு நாள் வேலையின் அச்சில் வார்த்தால் மூன்று இடத்தில் விரிசல் விடும். நகரத்தில் சந்தைக் கூலி அதிகம், திட்டக் கூலி அதைவிட மிகக் குறைந்தால் வேறு வழியே இல்லாதவர்கள் மட்டும் வருவார்கள். உள்ளூர் முகவரிச் சான்று கேட்டால், அதிகம் தேவைப்படும் புலம்பெயர்ந்த தொழிலாளி முதல் நாளே வெளியே நிற்பார். தூர்வாரும் வேலை மட்டும் இருந்தால், வேலையின்மை மிக அதிகமாக உள்ள படித்த இளையோர் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். அவர்களுக்கு வார்டு அளவில் கணக்கெடுப்பு, சொத்து வரைபடம், மருத்துவமனை உதவி மேசை, நூலகம் போன்ற ஆறு மாத, ஒரு வருடப் பணிகள் வேண்டும். முடிக்கும்போது கையில் அனுபவச் சான்று இருக்க வேண்டும்.

கிராமத்து வேலைத் திட்டத்தை நகரத்துக்குச் சம்பந்தமில்லாத செலவாக எண்ணுவதும் தவறு. கிளெமெண்ட் இம்பெர்ட், ஜான் பாப் இருவரும் செய்த ஆய்வு, அந்தத் திட்டம் நடந்த பகுதிகளிலிருந்து நகரங்களுக்குப் போகும் குறுகிய காலப் பெயர்ச்சி குறைந்ததையும், நகரத்தின் திறன்சாராக் கூலி உயர்ந்ததையும் காட்டியது. மேலே போட்ட 8,000, 10,000 கணக்கு ஏட்டோடு நிற்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

வேலைக்கு அருகில் தங்குமிடம் அமைப்பது மற்றொன்று. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி திறக்கப்பட்டது, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம், செலவு 706.5 கோடி ரூபாய். நல்ல தொடக்கம். தலைக்கு ஏறத்தாழ 3.8 லட்சம் ரூபாய் ஆகிறது என்று பார்த்தால், ஒரு புதிய வேலையோடு அரசு தாங்க வேண்டிய உண்மைச் செலவு எவ்வளவு என்பது புரியும். இந்த விடுதிகள் தனியாக வந்து தங்கும் இளம்பெண்ணுக்கானவை. அதே தொழிலாளி முப்பது வயதில், கணவரோடும் ஒரு பிள்ளையோடும், அதே ஆலைக்குப் பக்கத்தில் தாங்கக்கூடிய வாடகையில் குடியிருக்க இடமும், ஷிப்ட் நேரத்துக்குத் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகமும் இருந்தால்தான் வேலையில் நீடிப்பார். அடுத்த கட்டப் பணத்தை அங்கேதான் போட வேண்டும்.